பாம்பனுக்கு ஒரு தடவைகூட வராதவர் பெயரில் ஒரு தூக்குப் பாலம்: யார் இந்த ஷெர்சர்?

ராமேஸ்வரம் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்காமல் போவதில்லை. கடலுக்கு நடுவே இரண்டு ரயில் பாலங்கள் தெரியும். ஒன்று புத்தம் புதுசு. 2025 ஏப்ரல் 6-ம் தேதி, ராம நவமி அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தது. இன்னொன்று பழைய பாலம். 1914-ல் இருந்து 108 வருஷம் ரயிலைச் சுமந்தது. 2022 டிசம்பர் 23-ம் தேதியோடு அதில் ரயில் ஓடுவது நின்றுபோனது.

அந்தப் பழைய பாலத்தின் நடுவில் இருக்கிற தூக்குப் பாலத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஷெர்சர். ரயில்வேக்காரர்கள் ஷெர்சர் ஸ்பான் என்பார்கள். கப்பல் வரும்போது இரண்டு கையையும் மேலே தூக்கி வணக்கம் வைப்பதுபோல நிற்குமே, அந்தப் பகுதிதான்.

பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆள் யார்? ஜெர்மன்காரர், பாம்பனுக்கு வந்து இந்தப் பாலத்தைக் கட்டியவர் என்று ஒரு பதில் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் உண்மை அது இல்லை. ஷெர்சர் பாம்பனுக்கு வரவே இல்லை. பாம்பன் பாலத்தை மட்டுமல்ல, தன் பெயரில் எழுந்த எந்தப் பாலத்தையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. பாம்பனில் முதல் ரயில் ஓடியபோது, அவர் இறந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்புறம் எப்படி அவர் பெயர் நம்ம ஊர்க் கடலில் நிலைத்தது? வாங்க, பார்க்கலாம்.

ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர்

முழுப் பெயர் வில்லியம் டொனால்டு ஷெர்சர். 1858 ஜனவரி 27-ம் தேதி அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், பெரு என்கிற சின்ன ஊரில் பிறந்தார். தென் அமெரிக்காவில் இருக்கிற பெரு நாடு இல்லை இது. இல்லினாய்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு ஊர். குடும்பம் ஜெர்மன் வம்சாவளி. ஜெர்மன்காரர் என்கிற பேச்சு வந்தது இந்தப் பெயரால்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் பிறந்தது, வேலை பார்த்தது, இறந்தது எல்லாமே அமெரிக்காவில்.

படிப்புக்கு மட்டும் ஐரோப்பா போனார். சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் உள்ள பாலிடெக்னிக்கில் சிவில் இன்ஜினியரிங் படித்து, 1880-ல் முடித்தார். பின்னாளில் ஐன்ஸ்டீன் படித்ததும் இதே இடம்தான். அந்தக் காலத்தில் இரும்புப் பாலத்தில் எந்தக் கம்பிக்கு எவ்வளவு பாரம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் பெயர் வாங்கிய கல்லூரி.

படித்து முடித்து அமெரிக்கா திரும்பியவர், கீஸ்டோன் பிரிட்ஜ் கம்பெனியில் வேலை பார்த்தார். எஃகு ராஜா என்று பெயர் எடுத்த ஆண்ட்ரூ கார்னகியின் கம்பெனி அது. பிறகு சிகாகோவில் சொந்தமாக ஆலோசனைப் பொறியாளராகத் தொழில் தொடங்கினார். அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது அந்த ஊரின் நடுவே ஓடும் ஒரு குறுகலான ஆறு.

சிகாகோ ஆற்றில் என்ன பிரச்சினை?

1890-களில் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர் சிகாகோ. மரம், தானியம், நிலக்கரி எல்லாம் கப்பலில் ஆற்று வழியாக ஊருக்குள்ளேயே வரும். அதே ஆற்றை ஜனங்களும் வண்டிகளும் ரயிலும் கடந்தாக வேண்டும். கப்பல் போனால் பாலம் வழிவிடணும். பாலம் மூடினால் கப்பல் நிற்கணும். தினமும் சண்டைதான்.

அப்போது இருந்தவை பெரும்பாலும் சுழல் பாலங்கள். ஆற்றின் நடுவில் ஒரு பெரிய தூண். அதன் மேல் பாலம் திருகைக் கல் மாதிரி சுற்றும். கப்பல் வந்தால் பாலம் ஆற்றுவாக்கில் திரும்பி நிற்கும். இதில் இரண்டு தொல்லை. நடுத் தூணே பாதி ஆற்றை அடைத்துக்கொள்ளும். அது போக, பாலம் சுற்றுவதற்கு இரண்டு பக்கமும் காலி இடம் வேண்டும். பக்கத்தில் இன்னொரு பாலம் இருந்தால் முட்டிக்கொள்ளும்.

இந்தச் சமயத்தில்தான் மெட்ரோபாலிடன் வெஸ்ட் சைடு எலிவேட்டட் என்கிற ரயில் கம்பெனி, வீதிக்கு மேலே தூண் போட்டு ஓடும் ரயில் பாதையை ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோகப் பார்த்தது. கிடைத்த இடமோ ஜாக்சன் தெரு, வான் ப்யூரன் தெரு என்கிற இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி. அங்கே சுழல் பாலத்துக்கு வழியே இல்லை. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று ஷெர்சரிடம் வந்தார்கள்.

பெரிய அச்சாணியைச் சுற்றிப் பாலத்தைத் தூக்கும் முறை அப்போதே உண்டு. லண்டனில் டவர் பிரிட்ஜ் அந்த முறையில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பெரிய அச்சாணி, அதைத் தாங்க பெரிய அடித்தளம், நிறையச் செலவு. சிகாகோவின் குறுகலான இடத்தில் அது சரிப்பட்டு வராது.

ஆடும் மரக்குதிரை மாதிரி ஒரு பாலம்

ஷெர்சர் யோசித்த வழி ரொம்ப எளிமை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து ஆடும் மரக்குதிரையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் வளைந்த கட்டை இருக்கும். பின்பக்கம் சாய்ந்தால் குதிரையின் தலை தானாக மேலே தூக்கும். ஷெர்சரின் பாலமும் அதே வேலைதான் செய்கிறது.

பாலத்தின் கரைப்பக்க முனையில், வட்டத்தில் கால்பாகம் வெட்டி எடுத்ததுபோல ஒரு பெரிய வளைந்த இரும்பு அமைப்பு. அது ஒரு தட்டையான இரும்புத் தடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் எடைக்கு எடை ஒரு பாரம். பாலத்தைத் திறக்கும்போது அந்த வளைவு பின்பக்கமாக உருளும். பாலத்தின் நுனி வானத்தைப் பார்த்து எழும்பும். வழுக்காமல் இருக்க, வளைவிலும் தடத்திலும் ஒன்றோடொன்று பொருந்துகிற பற்கள்.

இதில் என்ன லாபம்? முதலாவது, பாலம் எழும்பும்போதே பின்னாலும் நகர்கிறது. அதனால் கப்பலுக்கு அதிக இடம் கிடைக்கும். இரண்டாவது, ஆற்றின் நடுவே தூண் வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். நுனியில் இருக்கும் எடைக்குச் சமமான பாரம் பின்னால் இருப்பதால், தூக்குவதற்குப் பெரிய சக்தி தேவையில்லை. நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால், மறுமுனைப் பக்கம் ஆளின் எடை. சால் நிறையத் தண்ணீர் மேலே வந்துவிடும். அதே தராசுக் கணக்கு. அதோடு, அச்சாணியைச் சுற்றி உரசாமல் சக்கரம் மாதிரி உருளுவதால் உராய்வும் குறைச்சல்.

இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு ஷெர்சர் விண்ணப்பித்தார்.

35 வயசு, முடிந்துபோன வாழ்க்கை

1893 ஜூலை 20-ம் தேதி வில்லியம் ஷெர்சர் இறந்துபோனார். வயசு 35. அவர் வரைந்த பாலத்துக்கு உருவம் வரவில்லை. காப்புரிமையும் கைக்கு வரவில்லை. அது வழங்கப்பட்டது அந்த ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், அவர் போய் ஐந்து மாதம் கழித்து.

அந்த வருஷம் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உலகமே அங்கே திரண்டிருந்தது. ஷெர்சர் இறந்த சில நாளில், அதே ஜூலை மாதக் கடைசியில், அந்த ஊருக்கு ஓர் இந்தியத் துறவி வந்து இறங்கினார். அவர்தான் விவேகானந்தர். அவரை அந்தப் பயணத்துக்கு ஊக்கப்படுத்தியவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் இலங்கை வழியாகத் திரும்பி வந்து கால் வைத்த இடம் பாம்பன். வரவேற்றவர் அதே சேதுபதி. அப்போது பாம்பனில் பாலம் கிடையாது. தீவுக்கும் கரைக்கும் படகுதான்.

தம்பி எடுத்துக்கொண்ட வேலை

பொறியாளர் இறந்துவிட்டால் அவருடைய புது யோசனையும் வரைபடத் தாளோடு முடிந்துபோவதுதான் வழக்கம். இதுவரை யாரும் கட்டிப் பார்க்காத ஒன்றை நம்பி யார் பணம் போடுவார்கள்?

இங்கே அப்படி நடக்கவில்லை. தம்பி ஆல்பர்ட் ஷெர்சர் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1895-ல் வான் ப்யூரன் தெருப் பாலமும், பக்கத்திலேயே மெட்ரோபாலிடன் ரயில் பாலமும் சிகாகோ ஆற்றில் எழும்பி நின்றன. உருண்டு தூக்கும் பாலம் நிஜமாகவே வேலை செய்கிறது என்று ஊரே பார்த்தது. ஆல்பர்ட், ஷெர்சர் ரோலிங் லிஃப்ட் பிரிட்ஜ் கம்பெனியை நிறுவி, அண்ணன் பெயரிலேயே அந்த டிசைனை உலகம் பூராவும் விற்றார். பாஸ்டனில் ரயில் பாலம், வேல்ஸ் நாட்டில் கார்மார்தன் ரயில் பாலம், அயர்லாந்தின் டப்ளின் துறைமுகத்தில் சாலைப் பாலங்கள் என்று வரிசையாக வந்தன.

குறை இல்லாமல் இல்லை. பாலம் உருளும்போது அதன் மொத்த எடையும் அடித்தளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். சிகாகோ மாதிரி களிமண் பூமியில் இது தூண்களுக்குத் தொந்தரவு கொடுத்தது. பின்னால் சிகாகோவே அச்சாணி முறைப் பாலங்களுக்கு மாறிவிட்டது. ஷெர்சரின் முதல் இரண்டு பாலங்களும் இன்று அங்கே இல்லை.

பாம்பனுக்கு எப்படி வந்தது?

ஆங்கிலேயருக்கு இந்தியாவையும் இலங்கையையும் ரயிலாலும் கப்பலாலும் இணைக்கணும் என்று ரொம்ப நாள் ஆசை. அதுவரை தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். கடல் பயணம் நீளம். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் போனால் கடலில் சில மணி நேரம்தான்.

1902-ல் மதுரையில் இருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. தீவுக்குள்ளும் பாம்பனில் இருந்து ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் தண்டவாளம் போட்டாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் பாம்பன் கால்வாய் மட்டும் பாக்கி. அகலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் இடையே போகிற சின்னக் கப்பல்களுக்கும் தோணிகளுக்கும் அதுதான் வாசல். பாலம் கட்டினால் அந்த வாசலை அடைக்கக் கூடாது. சிகாகோவில் இருந்த அதே சிக்கல்தான். என்ன, இங்கே ஆற்றுக்குப் பதில் கடல்.

1911-ல் வேலை தொடங்கியது. கடலுக்குள் 140-க்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றின் மேல் சின்னச் சின்ன இரும்புக் கர்டர்கள். கப்பல் போகும் இடத்தில் மட்டும் ஷெர்சர் முறையில் இரண்டு இலைகளாகத் தூக்குப் பாலம். அந்தப் பகுதியை மட்டும் முக்கோண முக்கோணமாகக் கம்பி பின்னிய சட்டக அமைப்பில் செய்தார்கள். இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி பாகங்களைத் தயாரித்துக் கப்பலில் அனுப்பியது. 1913-ல் பாம்பனில் பொருத்தினார்கள். 1914 பிப்ரவரி 24-ம் தேதி பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கே கப்பல், மறுபடி தலைமன்னாரில் இருந்து கொழும்புக்கு ரயில். அதுதான் பெயர்பெற்ற போட் மெயில்.

இந்தப் பாலத்தில் போனவர்கள் யாத்ரீகர்களும் வியாபாரிகளும் மட்டும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள், மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, பிறகு இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் தனுஷ்கோடிக் கப்பலைப் பிடித்தார்கள். மண்டபம் கேம்ப் என்று இன்றைக்கும் சொல்கிற பெயர் அப்படி வந்ததுதான். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, அவர்களின் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பினார்கள் என்ற பெயரில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, இதே பாலத்தில் ரயிலேறி இந்தப் பக்கம் வந்தார்கள்.

கரண்ட் இல்லை, கை பலம்தான்

ஷெர்சரின் கணக்கு சரியா என்று தினமும் சோதித்துப் பார்த்தவர்கள் பாம்பனின் ரயில்வே தொழிலாளர்கள். தூக்குப் பாலத்தின் ஒவ்வொரு இலையும் 400 டன்னுக்கு மேல் எடை. இதைத் தூக்க மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, செக்கு சுற்றுவதுபோல நெம்புகோலைத் தள்ளிக்கொண்டே சுற்றி வருவார்கள். பல்சக்கரம் சுழலும். கொஞ்சம் கொஞ்சமாக 400 டன் இரும்பு மேலே எழும்பும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அதிசயம். சுற்றுகிறவர்களுக்கு உப்புக் காற்றிலும் வெயிலிலும் முதுகு ஒடிகிற வேலை.

ஆனாலும் கையால் தூக்க முடிந்தது என்பதே பெரிய விஷயம். பின்னால் இருக்கும் பாரம் சரியாக இருந்ததால்தான் அது நடந்தது. ஜூரிக்கில் படித்து, சிகாகோவில் இறந்த ஒருவர் தாளில் போட்ட கணக்கு, நூறு வருஷத்துக்கு மேல் பாம்பன்காரர்களின் கையில் வேலை செய்தது.

1964 டிசம்பர்: எல்லாம் போச்சு, இது நின்றது

1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவு. புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. கூடவே ஷெர்சரின் தூக்குப் பாலமும் தப்பித்து நின்றது.

சீரமைக்கும் பொறுப்பு 32 வயது இளம் பொறியாளர் ஒருவருக்கு வந்தது. பிற்காலத்தில் கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று நாடறிந்த ஈ.ஸ்ரீதரன்தான் அவர். முதலில் கொடுத்த கெடு ஆறு மாதம். அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. அவர் 46 நாளில் முடித்தார். எப்படி? புதுக் கர்டருக்குக் காத்திருக்கவில்லை. கடலுக்கு அடியில் கிடந்த பழைய கர்டர்களை மீனவர்கள் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, தூக்கியெடுத்து, சரிசெய்து மறுபடி தூண்களின் மேல் வைத்தார். தூக்குப் பாலம் உடையாமல் நின்றதும் பெரிய உதவி. அது போயிருந்தால், அதற்கு மாற்றாக உள்ளூரில் கிடைக்கிற பொருள் எதுவும் இல்லை.

தனுஷ்கோடிக்கு மட்டும் திரும்ப ரயில் போகவில்லை. பாதை ராமேஸ்வரத்தோடு நின்றது. 1988-ல் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கும் வரை, ராமேஸ்வரம் தீவுக்குத் தரைவழி என்று சொன்னால் இந்த ரயில் பாலம் ஒன்றுதான். உடம்பு முடியாதவர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவதும் அரிசி மூட்டை வருவதும் இதில்தான்.

அப்புறம் ஏன் ஓய்வு கொடுத்தார்கள்?

சிகாகோ ஆறு நல்ல தண்ணீர். பாம்பன் கடல் அப்படி இல்லை. உலகத்திலேயே இரும்பு அதிகமாக அரிக்கிற இடங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று ரயில்வேயில் சொல்வார்கள். வருஷம் முழுக்கச் சுரண்டி, பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கணும். ஒரு முனையில் முடித்தால் மறுமுனையில் துரு தொடங்கியிருக்கும்.

2007-ல் மீட்டர் கேஜ் பாதை பிராட் கேஜாக மாறியது. மீட்டர் கேஜ் ரயிலுக்காகக் கட்டின பாலத்தைப் பலப்படுத்தி, அதிக எடையுள்ள ரயில்களை அதில் ஓட்டினார்கள். 2013 ஜனவரியில் ஒரு கலம் வந்து மோதித் தூண் சேதமானது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்திலேயே விரிசல் தெரிந்து, ரயில் நிறுத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு. ரயில் ஆள் நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஊர்ந்து போகும். ஜன்னலோரப் பயணிக்கு அது கொண்டாட்டம். பொறியாளருக்கு அது கவலை.

2022 டிசம்பரில் கடைசியாக அளவீட்டுக் கருவிகளின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, இனி ஆபத்து என்று ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு புதுப் பாலம் வரும் வரை இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. எல்லா ரயிலும் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. அங்கிருந்து பஸ், ஆட்டோ என்று ஜனங்கள் மாறி மாறிப் போனார்கள்.

புதுப் பாலத்துக்கும் சிகாகோ தொடர்பு உண்டு

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். 550 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் கட்டிய புதுப் பாலம், ஷெர்சர் முறையில் இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடைமட்டமாக, லிஃப்ட் போல 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகும். இரண்டு பக்கமும் கோபுரங்கள், அதில் கப்பிகள், எதிர்ப்பாரம், மோட்டார். ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். செங்குத்துத் தூக்குப் பாலம் என்று பெயர்.

இந்தியாவுக்கு இது புதுசு. உலகத்துக்குப் புதுசு இல்லை. நவீனக் காலத்தின் முதல் பெரிய செங்குத்துத் தூக்குப் பாலம் 1894-ல் திறக்கப்பட்டது. இடம்? அதே சிகாகோ ஆறு. தெற்கு ஹால்ஸ்டெட் தெருவில், ஜே.ஏ.எல்.வாடெல் என்கிற பொறியாளர் அமைத்தது. ஷெர்சர் இறந்த அடுத்த வருஷம் அது வந்தது. அதற்கடுத்த வருஷம் ஷெர்சரின் பாலம் வந்தது. ஒரே ஆறு, ஒரே தொல்லை, இரண்டு விடைகள். ஷெர்சரின் விடை 1914-லும் வாடெலின் விடை 2025-லும் பாம்பனுக்கு வந்து, இப்போது அருகருகே நிற்கின்றன.

இனி அந்தப் பழைய பாலம்?

ரயில்வேயின் திட்டம் பழைய பாலத்தைப் பிரித்து எடுத்துவிடுவது. அதற்குக் காரணமும் உண்டு. பராமரிக்காமல் விட்டால் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். புயலில் ஒரு துண்டு பிய்ந்தாலும் பக்கத்தில் இருக்கிற புதுப் பாலத்துக்கும், கீழே போகிற படகுக்கும் ஆபத்து. கடலில் துருப்பிடித்து நிற்கும் இரும்பை ஞாபகத்துக்காக மட்டும் அப்படியே விட்டுவைக்க முடியாது.

அதே சமயம், பாலம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனிக்கணும். தூண்களும் சாதாரண கர்டர்களும் வேறு எங்கேயும் பார்க்கலாம். ஷெர்சரின் அந்த இரண்டு இலைகள் அப்படி இல்லை. அந்த வளைந்த இரும்பும், பல் வைத்த தடமும், ஆட்கள் சுற்றிய நெம்புகோலும் கரைக்கு வந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அந்தத் தராசுக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். 400 டன்னைக் கையால் தூக்கியது எப்படி என்று பாடப் புத்தகம் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். மொத்தமாக வெட்டிப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டால், அந்த வாய்ப்பு இன்னொரு தடவை வராது.

வில்லியம் ஷெர்சர் 35 வயசில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது ஒரு வரைபடமும் ஒரு காப்புரிமை விண்ணப்பமும்தான். அதைப் பாலமாக்கியது தம்பி ஆல்பர்ட். பாம்பனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இங்கிலாந்துத் தொழிற்சாலையும், கடலில் நின்று தூண் போட்ட பெயர் தெரியாத கூலி ஆட்களும். 108 வருஷம் அதை உயிரோடு வைத்திருந்தது பெயின்ட் அடித்தவர்களும் நெம்புகோலைச் சுற்றியவர்களும். பெயர் மட்டும் ஒருத்தருடையது.

அடுத்த தடவை ராமேஸ்வரம் போகும்போது, சாலைப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுப்பதற்கு முன்னால், கீழே அந்தப் பழைய தூக்குப் பாலத்தின் ஓரத்தில் இருக்கிற வளைவைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். ஷெர்சர் கண்டுபிடித்தது அந்த வளைவைத்தான். அங்கே அது இன்னும் எத்தனை நாள் நிற்குமோ, அதற்குள் பார்த்துவிடுவது நல்லது.